ஆறு கைச் சிவன், இயந்திரச் சிப்பாய், பச்சை ரத்தம்: பழைய வீடியோ கேம்களில் எந்தப் பிரதியை வாங்குவது?

அக்கா மகள் ஒன்பதாம் வகுப்புத் தேர்வை எழுதி முடித்துவிட்டாள். விடுமுறைக்கு அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "மாமா, சின்ன வயதில் நீங்களும் அம்மாவும் சண்டை போட்டுக்கொண்டு விளையாடுவீர்களாமே, அந்த கேம் எல்லாம் எனக்கு வேண்டும். அப்படியே வேண்டும்." நோட்டுத் தாளில் நான்கு பெயர்களை எழுதி நீட்டினாள்: காண்ட்ரா, ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ், டூம் ரெய்டர், கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ. கடைசிப் பெயரை அங்கேயே அடித்துவிட்டேன். அது பெரியவர்களுக்கான கேம். அதில் பேச ஒன்றும் இல்லை. மற்ற மூன்றையும் வாங்கித் தருவதாக வாக்குக் கொடுத்தேன்.

வாங்க உட்கார்ந்தபோதுதான் அந்த "அப்படியே" எவ்வளவு கனமான சொல் என்று புரிந்தது. ஒவ்வொரு கேமும் இன்று ஒரே பெயரில் மூன்று நான்கு பிரதிகளாகக் கிடைக்கிறது. ஒன்றில் பாட்டு மாறியிருக்கிறது. ஒன்றில் வசனம் போயிருக்கிறது. ஒன்றில் மனிதர்கள் இயந்திரமாகியிருக்கிறார்கள். இன்னொன்றில் எதையும் தொடாமல் முகப்பில் ஓர் எச்சரிக்கையை மட்டும் சேர்த்திருக்கிறார்கள். இரண்டு வாரம் இதிலேயே கிடந்து ஒப்பிட்டுப் பார்த்தேன். இதே குழப்பத்தில் இருக்கும் பெற்றோருக்கும், இளமையில் விளையாடியதை மறுபடி வாங்க நினைக்கும் என் வயதுக்காரர்களுக்கும் உதவும் என்று எழுதுகிறேன்.

பழைய பெட்டியையே தேடிப் பிடிப்பது

யாருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். புதுப் பிரதியில் என்ன செய்து வைத்திருக்கிறார்களோ, நமக்கெதற்கு வம்பு, பழையதையே வாங்கிவிடலாம். சென்னை ரிச்சி தெருவில் இரண்டு சனிக்கிழமைகள் அலைந்தேன். ஒரு கடையில் டூம் ரெய்டர் 3-இன் பிளேஸ்டேஷன் தட்டை "ஒரிஜினல்" என்று சொல்லி 600 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து உறையைப் பிரித்துத் திருப்பிப் பார்த்தேன். முதல் பிளேஸ்டேஷனின் அசல் தட்டுகளுக்கு அடிப்பக்கம் கறுப்பாக இருக்கும். விளக்கில் சாய்த்தால் ஆழ்ந்த ஊதா தெரியும். இதுவோ சாதாரணத் தட்டைப் போல வெள்ளியாக மின்னியது. வீட்டில் எரித்த நகல். பணம் போனதைவிட, அந்தத் தட்டில் என்ன இருக்கிறது, எதை வெட்டினார்கள், எதைச் சேர்த்தார்கள் என்று யாருக்கும் தெரியாது என்பதுதான் என்னை வருத்தியது.

காண்ட்ராவைத் தேடியபோது அதைவிடப் பெரிய உண்மை ஒன்று முகத்தில் அறைந்தது. தொண்ணூறுகளில் பர்மா பஜாரிலிருந்து அப்பா வாங்கி வந்த டிவி கேம், ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் செய்த ஃபேமிகாமைப் பார்த்துச் செய்த நகல் கருவி. கேசட்டும் நகல். மஞ்சள் நிறத்தில் "99 இன் 1" என்று ஒட்டியிருக்கும் கேசட்டைச் செருகினால் பட்டியல் வரும். அதில் காண்ட்ரா மட்டும் ஐந்தாறு இடங்களில் இருக்கும். ஒன்றில் எடுத்த எடுப்பிலேயே 30 உயிர். ஒன்று மூன்றாம் கட்டத்திலிருந்து தொடங்கும். இன்னொன்றில் விசிறிபோல் குண்டு பாயும் துப்பாக்கி முதலிலேயே கையில் இருக்கும். கேமைச் செய்தவர்களின் பெயர் வர வேண்டிய வரியை அழித்திருப்பார்கள். போதாததற்கு, நம் ஊர் டிவி பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறையில் நொடிக்கு 50 முறை படம் காட்டுவது. அமெரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் எழுதிய கேம்களோ நொடிக்கு 60 முறைக்குக் கணக்கிட்டவை. சரிக்கட்டாமல் 50-இல் ஓட்டினால் ஆறில் ஒரு பங்கு வேகம் குறையும், பாட்டும் இழுக்கும்.

ஆக, "அசல்" என்று இத்தனை ஆண்டுகளாக நெஞ்சில் வைத்திருந்ததே பெயர் தெரியாத ஒருவர் கைவைத்த பிரதிதான். புதுப் பிரதியில் யாரோ கைவைத்துவிட்டார்கள் என்று கோபப்பட்டுத்தான் இந்தத் தேடலைத் தொடங்கினேன். அந்தக் கோபத்தோடு தொடர முடியவில்லை. கேள்வியை மாற்றிக்கொண்டேன்: மாற்றம் இருக்கிறதா என்று பார்ப்பதில் பயனில்லை. என்ன மாற்றினார்கள், ஏன் மாற்றினார்கள், பழையதை என்ன செய்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

கணினித் தட்டுகளின் நிலை வேறு. அலமாரியில் 2000-இல் வாங்கிய ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 சிடி பத்திரமாக இருக்கிறது. கணினியில்தான் சிடி போடும் வாயே இல்லை. இருந்தாலும், அந்தக் காலத்துத் தட்டுகள் பலவற்றில் சேஃப்டிஸ்க் என்ற திருட்டுத் தடுப்பு ஏற்பாடு உண்டு. 2015-இல் வந்த விண்டோஸ் 10 அதை ஏற்பதில்லை. கேசட்டுகளில் கேமைச் சேமித்து வைக்கும் சிறு பேட்டரி காலப்போக்கில் செத்துப்போகும். பொருள் கையில் இருந்தும் விளையாட முடியாத நிலை.

இருந்தும் இந்த வழியை நான் ஒதுக்கிவிடவில்லை. அமெரிக்காவின் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அங்கே 2010-க்கு முன் வெளியான கேம்களில் 87 விழுக்காடு இன்று எந்தக் கடையிலும் விற்பனையில் இல்லை. மறுவெளியீடு என்ற பேச்சே மீதி 13 விழுக்காட்டைப் பற்றியதுதான். மற்றவற்றுக்குப் பழைய தட்டும் கேசட்டும்தான் கதி. நம் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 52ஆம் பிரிவு, முறையாக வாங்கிய கணினி நிரலை வணிக நோக்கமின்றித் தன் சொந்தப் பயனுக்காக நகல் எடுத்துக்கொள்வதை மீறலாகக் கருதுவதில்லை. வீட்டில் பழைய சிடி வைத்திருப்பவர்கள், அது கீறிப் போவதற்குள் நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். யாரோ இணையத்தில் ஏற்றிவைத்ததை இறக்குவதற்கு அந்தப் பிரிவு துணைக்கு வராது.

மாற்றியது எதற்காக?

எல்லா மாற்றங்களையும் "தணிக்கை" என்ற ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறோம். அது தவறு. காரணங்கள் வேறு வேறு. காரணத்தைப் பார்த்துத்தான் எதை வாங்குவது என்று முடிவெடுக்க முடியும்.

மிகப் பெரிய கத்தரிக்கோல் ஒப்பந்தக் காகிதத்தில் இருக்கிறது. கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 4, 2008-இல் வந்தது. அதன் காரில் ஏறினால் வானொலி பாடும். அதில் விளாடிவஸ்டோக் எஃப்எம் என்ற ரஷ்ய நிலையத்தை இரவு நேரத்தில் கேட்டுக்கொண்டே ஊரைச் சுற்றுவேன். பத்தாண்டு முடிந்ததும் பாடல்களின் உரிமம் காலாவதியானது. 2018 ஏப்ரலில் ஒரு அப்டேட் வந்து பல பாடல்களை எடுத்துவிட்டது. புதிதாக வாங்குபவர்களுக்கு மட்டுமில்லை, முன்பே காசு கொடுத்து வாங்கியவர்களின் கணினியிலிருந்தும். அந்த ரஷ்ய நிலையத்தில் ஏறக்குறைய எல்லாமே வேறு பாடல்கள். யாரையும் புண்படுத்திய பாட்டு அல்ல அது. வெறும் கணக்கு வழக்கு. கிரேஸி டாக்ஸி என்ற கார் கேமும் 2010-இல் மறுவெளியீடு கண்டபோது பழைய பாடல்களையும், பயணிகளை இறக்கிவிட வேண்டிய நிஜக் கடைகளின் பெயர்களையும் இழந்திருந்தது. சோனிக் 3-இன் மூன்று கட்டங்களுக்கு 2022-இல் வந்த தொகுப்பில் வேறு இசை. 1987-இல் மைக் டைசன் பெயரில் வந்த குத்துச்சண்டை கேம், உரிமம் முடிந்ததும் 1990-இல் மிஸ்டர் ட்ரீம் என்ற கற்பனை ஆளோடு திரும்பி வந்தது. டைசனைச் சிறைக்கு அனுப்பிய குற்றச்சாட்டு எழுவதற்கு முன்பே.

இந்த வகையில் எனக்குச் சமாதானமே கிடையாது. பாட்டுக்குப் பத்தாண்டு மட்டும் உரிமம் வாங்கிவிட்டு, கேமை என்றென்றைக்கும் உங்களுடையது என்பது போல விற்பது நாணயமில்லாத வியாபாரம். கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரியிலிருந்து ஒரு சட்டம் நடப்பில் இருக்கிறது: உரிமம் மட்டும் கொடுத்துவிட்டு "வாங்குங்கள்" என்று பொத்தான் வைத்தால், நீங்கள் பெறுவது உரிமம்தான் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். நம் நாட்டிலும் அப்படி ஒன்று வர வேண்டும்.

அடுத்தது நாட்டுக்கு நாடு மாறும் விதிகள். காண்ட்ராவில் சட்டையில்லாத இரண்டு சிப்பாய்கள் ஓடி ஓடிச் சுடுவார்கள். ஜெர்மனியின் இளையோர் பாதுகாப்பு விதிகளுக்குப் பயந்து, 1990-இல் ஐரோப்பாவில் அதையே புரோபோடெக்டர் என்ற பெயரில் விற்றார்கள். சிப்பாய்கள் இருவரும் இயந்திரங்கள், எதிரிகளில் மனிதர்களாக இருந்தவர்களும் இயந்திரங்கள். 1994-இல் சூப்பர் நிண்டெண்டோவுக்கு வந்த உல்ஃபென்ஸ்டைன் 3டி-யில் நாஜிச் சின்னங்கள் போயின, ஹிட்லரின் மீசை போயிற்று, பெயரும் வேறாயிற்று. சுடப்படும் நாய்கள் பெரிய எலிகளாயின. மனிதனைச் சுடலாம், நாயைச் சுடக் கூடாது என்ற அந்தக் கணக்கு எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. நம் ஊரிலும் இது நடந்திருக்கிறது. 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைலுக்கு மத்திய அரசு தடை போட்டது. 2021 ஜூலையில் பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா என்று அது திரும்பி வந்தபோது ரத்தம் பச்சை. அக்கா மகளுக்கு அதுதான் பழக்கம். யூடியூபில் பழைய பப்ஜி காட்சியைப் பார்த்துவிட்டு, "இதில் ஏன் சிவப்பாக இருக்கிறது?" என்று கேட்டாள். அவளைப் பொறுத்தவரை திருத்தப்பட்டதுதான் அசல்.

இந்த நாட்டு விதிகளில் கடைசிப் படி, வெளியிடாமலே விடுவது. 2008-இல் ஃபால்அவுட் 3-ஐ இந்தியாவின் பண்பாட்டு உணர்வுகளைக் காரணம் காட்டி இங்கே எக்ஸ்பாக்ஸில் வெளியிடுவதில்லை என்று மைக்ரோசாஃப்ட் முடிவெடுத்தது. வெட்டிய பிரதிகூட இல்லை. அதைப் பார்த்துவிட்டு, வெட்டிய பிரதியே மேல் என்று நினைக்கத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நல்லதா கெட்டதா என்று பார்த்துச் சொல்லும் வாய்ப்பையே அது பறித்துவிட்டது.

மூன்றாவது வகைதான் மனத்தை அதிகம் போட்டுப் புரட்டுவது: யாருடைய நம்பிக்கையையோ அடையாளத்தையோ தொடும் இடங்கள். 1998-இல் வந்த செல்டா வரிசையின் ஆக்கரினா ஆஃப் டைமில் நெருப்புக் கோயில் என்று ஒரு கட்டம் உண்டு. அதன் பின்னணி இசையில் இஸ்லாமிய ஓதலின் ஒலித்துண்டு கலந்திருந்தது. ஒலித்தொகுப்பு ஒன்றிலிருந்து எடுத்துப் போட்டிருந்தார்கள். பின்னர் வந்த கேசட்டுகளில் அது இல்லை. கேடயத்தில் இருந்த பிறையும் நட்சத்திரமும் பிந்திய வெளியீடுகளில் வேறு சின்னமாயின. நான் திருவல்லிக்கேணியில் வளர்ந்தவன். பார்த்தசாரதி கோயில் மணியும் வாலாஜா பள்ளிவாசல் பாங்கும் ஒரே காற்றில் வரும் தெருக்கள் அவை. ஒருவர் தொழுகையில் சொல்வதை, பூதம் ஒளிந்திருக்கும் குகைக்குப் பயமூட்டும் இசையாகப் போடுவது சரியில்லை என்பதற்கு எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. எடுத்தது சரி. 2002-இல் வந்த ஹிட்மேன் 2-இல் குருத்வாராவைப் போன்ற இடத்தில் நடக்கும் கொலைக் காட்சிகளைச் சீக்கிய அமைப்புகள் எதிர்த்து, நிறுவனம் திருத்தியதும் அவ்வாறே.

ஆனால் எடுப்பது மட்டுமே வழியில்லை என்பதை ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 3 காட்டியது. 2020-இல் வந்த அதன் புதுப் பதிப்பில், அமெரிக்கத் தொல்குடி மக்களோடு கலந்து பேசி மாற்றங்கள் செய்தார்கள். இரோகுவா என்று வெளியார் வைத்த பெயர், அவர்களே தங்களை அழைத்துக்கொள்ளும் ஹாடனசோனி ஆயிற்று. சூ என்பது லக்கோட்டா ஆயிற்று. அம்மக்கள் நிலத்தைத் தோண்டித் தங்கம் எடுப்பது தங்கள் வழக்கத்துக்கு மாறானது என்றதால், அவர்களுக்குச் சுரங்கத்துக்குப் பதிலாகச் சந்தை வந்தது. காலனிக் காலம் என்று இருந்தது வணிகக் காலம் என்று பெயர் மாறியது. இந்தக் கடைசி மாற்றம் எனக்கு உவப்பாக இல்லை. காலனி நடந்தது, அதை வணிகம் என்று அழைத்தால் நடந்தது மென்மையாகிவிடுகிறது. சென்னைக்காரனுக்கு இது புத்தகச் செய்தி இல்லை. கோட்டையும் வணிகக் கம்பெனியும் ஒன்றாக வந்த ஊர் இது. ஒரே பதிப்பில் ஒரு மாற்றம் உண்மைக்கு நெருங்கி வருகிறது, இன்னொன்று விலகிப் போகிறது. மொத்தமாக ஆதரிக்கவோ மொத்தமாக எதிர்க்கவோ முடியவில்லை.

நான்காவது வகை, நிறுவனம் தன் பெயர் கெடாமல் பார்த்துக்கொள்ளச் செய்வது. 2005-இல் வந்த ரெசிடென்ட் ஈவில் 4, 2021-இல் மெய்நிகர்க் கருவிக்கு வந்தபோது ஆஷ்லி என்ற பெண்ணைப் பற்றிய சில கொச்சையான வசனங்களை நீக்கியிருந்தார்கள். 2024-இல் டிராகன் குவெஸ்ட் 3 புது உருவில் வந்தபோது பெண் வீராங்கனையின் உடை கூடுதலாக மூடியிருந்தது. இவற்றுக்காக இணையத்தில் எழுந்த கூச்சல் அளவுக்கு விஷயம் பெரிதில்லை என்பது என் கருத்து. பதினான்கு வயதுப் பெண் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது அந்த வசனங்கள் இல்லாததில் எனக்கு இழப்பு எதுவுமில்லை. பழைய ரெசிடென்ட் ஈவில் 4 வேறு கருவிகளில் இன்னும் கிடைக்கிறது. அதுவே எனக்குப் போதும்.

எச்சரிக்கையை மட்டும் சேர்ப்பது

டிவியில் பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஓடும். கதாநாயகன் சிகரெட்டைப் பற்றவைத்ததும் கீழே வரி ஓடும்: புகை பிடிப்பது உடல்நலத்துக்குக் கேடு. காட்சியை யாரும் வெட்டவில்லை. 2024 பிப்ரவரியில் வந்த டூம் ரெய்டர் 1 முதல் 3 வரையான மறுவெளியீடு இந்த வழியைத்தான் எடுத்தது. தொடங்கும்போதே ஓர் அறிவிப்பு: இனம், பண்பாடு பற்றிய தவறான சித்திரிப்புகள் இதில் உள்ளன, அவற்றை நீக்காமல் அப்படியே தருகிறோம், அவற்றிலிருந்து கற்றுக்கொள்ளலாம் என்பது அதன் சாரம்.

முதலில் நான் மட்டும் விளையாடிப் பார்த்தேன். மூன்றாம் கேம் தொடங்குவதே இந்தியாவில். காடு, குரங்கு, புலி, நாகம். பிறகு ஒரு பாழடைந்த கோயில். அங்கே வரிசையாக நிற்கும் கற்சிலைகளுக்குக் கேமில் சிவன் என்று பெயர். ஆறு கைகள், ஒவ்வொன்றிலும் வாள். கதாநாயகி லாரா கிட்டே போனால் சிலை உயிர்பெற்று இறங்கி வரும். கைகளைக் குறுக்கே வைத்துக் குண்டுகளைத் தடுக்கும். அந்த நேரத்தில் சுட்டுப் பயனில்லை. சுட்டு வீழ்த்தினால்தான் மேலே போக முடியும். 1998-இல் விளையாடியபோது இது எதுவும் எனக்கு உறைக்கவில்லை. பெரிய எதிரி, அவ்வளவுதான். இப்போது இரண்டு நாள் மனம் சரியில்லை.

அடுத்த வாரம் அக்கா மகளை உட்காரவைத்து அதே இடத்தை விளையாடச் சொன்னேன். சிலை இறங்கி வந்ததும் கருவியைக் கீழே வைத்துவிட்டாள். பயத்தினால் இல்லை. "மாமா, இது சிவனே இல்லை. நெற்றிக்கண் எங்கே, சூலம் எங்கே? எதையோ பார்த்து எதையோ செய்து வைத்திருக்கிறார்கள்." பிறகு இங்கிலாந்தில் உட்கார்ந்துகொண்டு இதைச் செய்தவர்களுக்கு இந்தியா எப்படித் தெரிந்திருக்கும், எந்தப் படங்களைப் பார்த்து வரைந்திருப்பார்கள் என்று ஒரு மணி நேரம் பேசினோம். பாம்பும் புலியும் பாழடைந்த கோயிலும்தான் இந்தியா என்று வெளியில் எத்தனை காலமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்று அவளே கேட்டாள். அந்தச் சிலைகளை எடுத்துவிட்டு வெறும் பாறைப் பூதங்களை வைத்திருந்தால் இந்தப் பேச்சு நடந்திருக்காது.

அதனால் இந்த வழியை மதிக்கிறேன். குறையும் இருக்கிறது. எந்தக் காட்சி, என்ன தவறு என்று அந்த அறிவிப்பு சுட்டிச் சொல்வதில்லை. மொத்தத்துக்கும் ஒரே வாக்கியம். சிவன் கோயிலுக்கு நாள்தோறும் போகும் ஒருவருக்கு அந்தக் காட்சி என்ன செய்யும் என்று எழுதியவர்கள் யோசித்தார்களா என்று தெரிய வழியில்லை. நெருப்புக் கோயிலின் ஓதலை எடுத்தது சரி என்று மேலே சொல்லிவிட்டு, சிவன் சிலையை வைத்திருக்கலாம் என்று இங்கே சொல்வது முரணாகத் தோன்றலாம். ஒன்று, மக்கள் உண்மையிலேயே ஓதும் சொற்களின் ஒலிப்பதிவு. மற்றொன்று, தவறாக வரைந்த கற்பனைப் பொம்மை. முதலாவது பிறருடையது, எடுத்துப் பயன்படுத்த நமக்கு உரிமையில்லை. இரண்டாவது வரைந்தவரின் அறியாமை; அது அவருக்கே சாட்சியாக இருக்கட்டும். நான் கோடு போடும் இடம் இது. வேறு இடத்தில் போடுபவர்களோடு எனக்குச் சண்டையில்லை.

பாடபேதம் கொடுக்கும் பதிப்பு

உ.வே.சாமிநாதையர் 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது, ஊர் ஊராகத் தேடிச் சேர்த்த ஏடுகள் ஒன்றுக்கொன்று மாறுபட்டிருந்தன. எது சரியான பாடம் என்று அவர் முடிவெடுத்தார். ஆனால் மற்ற ஏடுகளில் இருந்ததைத் தூக்கி எறியவில்லை. பிரதிபேதம், அதாவது பாடபேதம், என்று குறித்து வைத்தார். நூறாண்டு கழித்து ஒருவர் அவரோடு மாறுபட விரும்பினால் அதற்கான சான்றையும் அவரே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் வாழ்ந்த வீடு எங்கள் திருவல்லிக்கேணியில், பிள்ளையார் கோயில் தெருவில் இருந்தது. 2012-இல் இடித்துவிட்டார்கள். அவர் சேர்த்த சுவடிகள் பெசன்ட் நகரில் அவர் பெயரிலுள்ள நூல்நிலையத்தில் இருக்கின்றன. சுவடி பிழைத்ததால் பதிப்புகளைச் சரிபார்க்க முடிகிறது.

கேம்களிலும் இதைச் செய்தவர்கள் இருக்கிறார்கள். கொனாமி நிறுவனம் 2019-இல் வெளியிட்ட காண்ட்ரா ஆனிவர்சரி கலெக்‌ஷன், ஒரே தொகுப்பில் காசு போட்டு விளையாடும் ஆர்கேட் இயந்திரத்துக்கான காண்ட்ரா, அமெரிக்க நிண்டெண்டோ காண்ட்ரா, ஜப்பானிய ஃபேமிகாம் காண்ட்ரா என்று தனித்தனியாகத் தருகிறது. ஜப்பானியப் பிரதியில் பனிக் கட்டத்தில் பனி பொழியும், இடையில் கதைக் காட்சிகள் வரும். அமெரிக்கப் பிரதியில் இவை இல்லை. அதே தொகுப்பில் பிந்திய இரண்டு கேம்களின் ஐரோப்பிய இயந்திரப் பிரதிகளும் சேர்ந்திருக்கின்றன. திருத்தியதும் திருத்தாததும் அடுத்தடுத்து. 2017-இல் வந்த ஸ்டார்கிராஃப்ட் ரீமாஸ்டர்டில் ஒரு விசையைத் தட்டினால் பழைய படம், மறுபடி தட்டினால் புதுப் படம். பழைய கேமைத் தனியாக இலவசமாகவும் கொடுத்தார்கள்.

ஸ்டார்கிராஃப்டைச் செய்த அதே நிறுவனம் 2020-இல் வார்கிராஃப்ட் 3-க்குச் செய்தது நேர் எதிர். புதுப் பதிப்பு வந்ததும், பழையதை வாங்கி வைத்திருந்தவர்களின் நிரலையும் அதுவே நிரப்பிக்கொண்டது. சோனிக் தொகுப்பு வருவதற்கு ஒரு மாதம் முன்பே பழைய சோனிக் கேம்களைக் கடைகளிலிருந்து எடுத்தார்கள். 2021-இல் கிராண்ட் தெஃப்ட் ஆட்டோவின் மூன்று பழைய கேம்கள் மறுபதிப்பாக வருவதற்கு முன் அசல்கள் விற்பனையிலிருந்து மறைந்தன. புதுப் பதிப்பில் மழை பெய்தால் சாலையே தெரியாத அளவுக்குப் பிழைகள் மலிந்திருந்தன. வாங்கியவர்கள் கொந்தளித்த பிறகு கணினிக்கான அசல்களைத் திரும்பக் கொடுத்தார்கள். வெட்டுவதைவிட இதுதான் எனக்குப் பெரிய குற்றமாகப் படுகிறது. ஒரு வசனத்தை எடுத்தால் ஒரு வசனம்தான் போகும். பழைய பிரதியையே அப்புறப்படுத்தினால், எதை எடுத்தார்கள் என்று கேட்கவே முடியாது.

என் முடிவு

காண்ட்ராவுக்கு அந்தத் தொகுப்பையே வாங்கிவிட்டேன். இதில் யோசிக்க ஒன்றுமில்லை. பழைய கேசட்டைவிடவும் அசலுக்கு நெருக்கமானது இதுதான். நகல் கேசட்டை வைத்திருப்பவர்கள் அதையும் எறிந்துவிடாதீர்கள். அதுவும் ஒரு பாடபேதம். சென்னையில் ஒரு தலைமுறை அதைத்தான் விளையாடியது.

டூம் ரெய்டருக்கு 2024 மறுவெளியீடு. பழைய படம், புதுப் படம் இரண்டுக்கும் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு எழுந்து போகாதீர்கள். அந்த எச்சரிக்கை சொல்லாமல் விட்டதைப் பக்கத்தில் உட்கார்ந்து நாம்தான் சொல்ல வேண்டும்.

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-தான் இழுபறி. 1999-இன் அசலில் இந்தியர் என்று ஓர் இனமே கிடையாது. 2013-இல் வந்த விரிவாக்கத்தில் இந்தியர் வந்தார்கள். காசி முதல் குமரி வரை எல்லோரும் அந்த ஒரே பெயரில், ஒட்டகப் படையோடு. 2022 ஏப்ரலில் அதைப் பிரித்தார்கள்: இந்துஸ்தானியர், வங்காளியர், கூர்ஜரர், திராவிடர். திராவிடருக்குச் சுருள்வாள் சுழற்றும் வீரர் உண்டு. கேமில் உருமி என்கிறார்கள், நம் சிலம்பக்காரர்கள் சுருள்வாள் என்பார்கள். திரிசடை என்ற போர்க்கப்பல் உண்டு. உருக்கு இரும்பு அவர்களின் தனித் தொழில்நுட்பம். ராஜேந்திர சோழனின் படையெடுப்பைத் தனிக் கதையாகவே விளையாடலாம். முதன்முறை ஒரு சிப்பாயைத் தொட்டபோது தமிழில் பதில் வந்தது. நாற்பது வயதைத் தாண்டியவன் நான், கண் கலங்கிவிட்டது. பழைய கேமில் கைவைக்கக் கூடாது என்று அடம்பிடித்திருந்தால் இது வந்திருக்குமா? புதுப் பதிப்பையும் அந்த விரிவாக்கத்தையும் வாங்கினேன்.

ஆனால் 1999-இன் பழைய முகத்துக்கு மாற்றிப் பார்க்கும் வசதி புதுப் பதிப்பில் இல்லை. அக்கா மகள் கேட்டதோ "அப்படியே". அதனால் அந்த சிடியை எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறேன். அலுவலகத்தில் ஒருவர் விண்டோஸ் எக்ஸ்பி போட்ட பழைய மடிக்கணினியைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அதன் டிரைவ் தட்டைப் படிக்கவில்லையாம். யுஎஸ்பியில் மாட்டும் டிவிடி டிரைவ் ஒன்றுக்கு ரிச்சி தெருவில் சொல்லி வைத்திருக்கிறேன். சனிக்கிழமை வரச் சொன்னார்கள். அக்காவும் வருகிறாளாம். அவளுடைய பழைய சேமிப்புக் கோப்பு அந்த சிடி உறைக்குள்ளேயே ஒரு ஃபிளாப்பியில் இருக்கிறது, அதைப் படிக்க வழி இருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேட்க வேண்டுமாம்.